வட கொரியாவின் அலை

நான் ஒரு பொய் சொன்னேன். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வைத்த வெடியில் ஒரு அம்மாவின் வீட்டுச் சுவர் பிளந்தது. கல்லூரியில் நிலவியல் நடத்திய என்னிடம் தாசில்தார் காரணம் கேட்டார். குவாரிக்காரர் நண்பர் என்பதால், லேசான நிலநடுக்கம் என்றேன். இழப்பீடு கேட்ட அந்த அம்மாவின் மனு தள்ளுபடியானது.

பிறகு வட கொரியாவில் மலைக்கடியில் அணுகுண்டை வெடிக்கவைத்தார்கள். அந்த அதிர்வு பூமிக்குள்ளேயே ஓடிவந்து, சில நிமிடங்களில் எங்கள் கல்லூரியின் நிலஅதிர்வுக் கருவியில் கோடாக எழுந்தது. என் காலடி மண்ணும் அசைந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. நிலநடுக்கம் சில திசைகளில் தள்ளும், சில திசைகளில் இழுக்கும். வெடிப்போ எல்லாத் திசையிலும் முதலில் வெளியேதான் தள்ளும். பல ஊர்க் கருவிகளின் கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால் போதும், எந்த அரசாங்கம் மறைத்தாலும் பூமி காட்டிக்கொடுத்துவிடும். கோட்டைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். உடம்பு சிலிர்த்தது, வெட்கமாகவும் இருந்தது.

நான் சொன்னது பொய் என்று தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்தேன். குவாரியில் அடுத்த வெடி வைத்த அன்று கருவியை அந்த அம்மாவின் வாசலில் வைத்தேன். கோடு துள்ளியது.

“மிஷின் சொன்னாத்தான் நம்புவீங்களா சார்? என் செவுரு சொன்னப்ப எங்க போனீங்க?” என்றார்.

குவாரிக்காரர் சுவரைக் கட்டிக்கொடுத்தார், வெடியையும் குறைத்தார். என்னோடு பேசுவதில்லை. ஜெயங்கொண்டம் பஸ்ஸில் என்னைப் பார்த்தால் அந்த அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.