நடு நாற்காலி அமுதவள்ளி

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கிளினிக் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே கல்யாணப் பட்டு, மேலே காய்ச்சலும் இருமலும் அடிபட்ட முதுகும். ஐரோப்பாவில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு தொண்டு நிறுவனம் அதை நடத்துகிறது. சண்டைக்கும் போருக்கும் பயந்து ஓடிவந்து கோலாலம்பூரில் ஒண்டியிருக்கும் அகதிகளுக்கு அங்கே மருந்தும் இலவசம், ஆலோசனையும் இலவசம். என் பெயர் சந்திரகலா. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் உட்கார்ந்து மருமகளோடு மல்லுக்கட்டுவதற்கு இது மேல் என்று வந்து சேர்ந்தேன்.

அமுதவள்ளி எனக்கு முன்பே அங்கே இருந்தாள். பக்கத்து ஊரான கிள்ளானில் பிறந்து வளர்ந்த பெண், வயது இருபத்தாறு. டாக்டர் மரியான் பெல்ஜியத்துக்காரி. நல்ல மனுஷி, ஆனால் தமிழில் அவளுக்குத் தெரிந்தது 'வலி' என்ற ஒரே சொல். வருகிற இலங்கைத் தமிழர்களுக்கு இங்கிலீஷ் வராது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு, அதில் உட்கார்ந்து இந்தப் பேச்சை அங்கேயும் அந்தப் பேச்சை இங்கேயும் மாற்றிக் கொடுப்பது அமுதவள்ளியின் வேலை.

அந்த நாற்காலிக்குக் கண்டிப்பான விதி உண்டு. வந்தவர் "எனக்குத் தூக்கம் வரவில்லை" என்றால், "இவருக்குத் தூக்கம் வரவில்லையாம்" என்று சொல்லக் கூடாது. "எனக்குத் தூக்கம் வரவில்லை" என்றேதான் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, சொந்தமாக வாய் திறக்கவே கூடாது. அதனால் காலை முதல் மாலை வரை அமுதவள்ளி, "என் வீட்டில் குண்டு விழுந்தது", "என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை" என்று ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் சொல்லிக்கொண்டிருப்பாள். மத்தியானம் சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கே சோறு இறங்காது.

இன்னொரு பொறுப்பும் அவளிடம்தான் இருந்தது. அகதிகளை எங்காவது அதிகாரிகள் பிடித்துவிட்டால் கூப்பிட ஓர் உதவி எண் உண்டு. அந்தக் கைப்பேசியை அவள் பையில் வைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமி கும்பிடும்போதுகூட அது அடிக்கும்.

இவ்வளவும் செய்கிறவளுக்குச் சொந்தமாக ஒரு நாடு கிடையாது என்று தெரிந்தபோது நான் நம்பவில்லை. கிள்ளான் ஆஸ்பத்திரியில் பிறந்தவளுக்கு என்ன குறை என்றுதான் கேட்டேன். குறை அவளுடைய அப்பா அம்மாவின் கல்யாணத்தில் இருந்தது.

அப்பா கன்னையா, போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். குடிமகனுக்குரிய நீலக் கார்டு அவரிடம் இருக்கிறது. அம்மா நல்லம்மாள் ஒரு தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். பிறந்ததை யாரும் போய்ப் பதியவில்லை, அதனால் அவளுக்கு எந்தக் கார்டும் இல்லை. கன்னையா கோயிலில் மேளதாளத்தோடு தாலி கட்டினார். மண்டபம் நிறைய ஆள் சாப்பிட்டது, வீடியோ எடுத்தார்கள். பதிவு அலுவலகத்துக்கு மட்டும் போகவில்லை. கல்யாணப் பெண்ணின் கையில் காட்ட ஒரு தாளும் இல்லை, போனால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. தாலி ஏறியாச்சு, ஊரே பார்த்தாச்சு, இதற்கு மேல் என்ன கடுதாசி என்பார்கள். பதியாத கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை. அப்படிப் பிறந்த பிள்ளை தாயைச் சேர்ந்தது. தாய்க்கு நாடு இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுத்துவிட்டார், குமாஸ்தாதான் கொடுக்கவில்லை.

அமுதவள்ளியின் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகள் அல்ல' என்று இருக்கிறது. அப்பாவும் மகளும் விண்ணப்பித்து விண்ணப்பித்துக் களைத்துப்போனார்கள். நன்றாகப் படித்த பெண், ஐந்தாம் படிவத்தோடு, பள்ளிக்கூடத்தோடு நின்றாள். பேங்க் கணக்கு இல்லை, கார் லைசென்ஸ் இல்லை, பாஸ்போர்ட் என்ற பேச்சே இல்லை. எங்கள் கிளினிக்கும் அவளை ஊழியர் என்று எழுத முடியாது. 'தொண்டர்' என்று எழுதி, பஸ் செலவு என்ற பெயரில் ஏதோ கொடுத்தார்கள். கிள்ளான் ஸ்டேஷன், ரயில், கே.எல். சென்ட்ரல், கிளினிக், மறுபடி ரயில். வேறு எங்கும் போக மாட்டாள். போனால் யாராவது கார்டு கேட்பார்கள் என்ற பயம். கன்னையா ஒருமுறை என்னிடம் சொன்னார்: "நா ஏத்துற பொட்டிக்கெல்லாம் ஊரு சுத்த பேப்பர் இருக்கு அக்கா. என் மகளுக்கு இல்ல." சொல்லிவிட்டு மனுஷன் அழுதார். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அன்றைக்குப் போனது.

கிளினிக்குக்கு வருகிறவர்களில் தவமலர் என்று ஒருத்தி. கிளிநொச்சிக்காரி, கிள்ளானில் ஓர் அறையில் சின்ன மகளோடு இருந்தாள். போரின் கடைசியில் தங்கையைத் தொலைத்தவள். இறந்துவிட்டாள் என்று சொன்னவர்கள் உண்டு, உடலைப் பார்த்தவர்கள் இல்லை. அவள் கதை முழுவதையும் வருஷக்கணக்காக இங்கிலீஷில் சொன்னது அமுதவள்ளியின் வாய்தான்.

ஒருநாள் சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாக ரயிலிறங்கி கிள்ளான் பஸ் நிறுத்தத்தில் நின்றிருக்கிறார்கள். சோதனைக்காரர்கள் வந்தார்கள். தவமலர் அகதி என்று யு.என். கொடுத்த கார்டை நீட்டினாள். சட்டப்படி அதற்குப் பெரிய மதிப்பில்லை என்பார்கள், ஆனாலும் அன்றைக்கு அது காப்பாற்றியது. அமுதவள்ளி பிறப்புப் பத்திரத்தின் நகலை நீட்டினாள். அதிகாரி 'குடிமகள் அல்ல' என்ற இடத்தில் விரல் வைத்து, வேனில் ஏறச் சொன்னார்.

ரோட்டில் நின்ற தவமலருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனப்பாடமாக இருந்த உதவி எண்ணை அழுத்தினாள். வேனுக்குள் அமுதவள்ளியின் பையில் மணி அடித்தது. பழக்கதோஷம், எடுத்துவிட்டாள்.

"வணக்கம், உதவி எண், சொல்லுங்க."

"ஒரு பிள்ளையப் பிடிச்சுக்கொண்டு போகினம். கெதியா ஆரையாவது அனுப்புங்கோ."

"பேரு என்னங்க?"

"அமுதவள்ளி."

"நான்தான்க்கா பேசறேன்."

இதை அவள் மறுநாள் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தச் சாயங்காலம் விஷயம் தெரிந்து மரியான் எங்கள் கிளினிக் வக்கீலை அனுப்பப் பார்த்தாள், முடியவில்லை. நாடுவிட்டு வந்தவர்களுக்குத்தான் எங்கள் உதவி, இந்தப் பெண் எங்கிருந்தும் வரவில்லையே என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஓடி வந்தவளுக்கு ஆள் உண்டு, ஓடவே வழியில்லாதவளுக்கு ஆள் இல்லை. மரியானிடம் இதை முகத்துக்கு நேரே கேட்டேன். அவள் அடுத்த நோயாளியின் சீட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

கடைசியில் கன்னையாதான் அசல் பத்திரத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினார். கல்யாணப் பத்திரம் எங்கே என்று கேட்டதற்குக் கைப்பேசியில் இருந்த தாலி கட்டும் படத்தைக் காட்டியிருக்கிறார். அதிகாரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது செல்லாது என்று சொல்லி, இரக்கப்பட்டு மகளை அனுப்பிவைத்தார்.

அதற்கு அடுத்த மாதம் தவமலருக்கு நல்ல செய்தி வந்தது. ஒரு வெளிநாடு அவளையும் மகளையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. கிளினிக் படிக்கட்டில் அமுதவள்ளியைத் தனியே நிறுத்தி அவள் சொன்னது இதுதான்: "நீர் என்ர தங்கச்சி எண்டு சொல்லப்போறன். அவளுக்கும் இப்ப உம்மட வயசுதான். அவள் இனி வரமாட்டாள் எண்டு எனக்குத் தெரியும். நீராவது என்னோட வாரும்."

அன்று மத்தியானம் அமுதவள்ளி சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாப் பதிலும் எனக்கு மனப்பாடம்க்கா. எந்த ரோடு, எந்த ஸ்கூல், எந்தப் பக்கமா நடந்து வந்தாங்க, எல்லாம். யாரு கேட்டாலும் முழிக்க மாட்டேன்."

"அப்பப் போ."

"மாட்டிக்கிட்டா அவங்க ஃபைலும் சேந்து போயிரும்லா. பொய்யின்னு ஒரு வரி ஏறிட்டாப் போதும்."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"போன்னு சொல்றாங்க."

"அப்பா?"

"லோரியக் கழுவிக்கிட்டே இருக்காரு."

"பொய் சொன்னா பாவம்னா அதுல பாதிய நா வாங்கிக்கிறேன். போடி."

அவள் பொட்டலத்தை அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

தவமலரின் கடைசிச் சந்திப்பு ஒரு புதன்கிழமை. நான் ஓரத்தில் அவள் மகளை எடை பார்த்துக்கொண்டிருந்தேன். மரியான் அந்த நாட்டுக்காரர்களுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, குடும்பத்தில் வேறு யாரையாவது சேர்க்க வேண்டுமா, இதற்குப் பிறகு சேர்க்க முடியாது என்றாள். அமுதவள்ளி அதைத் தமிழில் சொன்னாள்.

தவமலர் அவளையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தங்கச்சி செத்துப்போனாள் எண்டு முந்திச் சொன்னனான். அது பிழை. அவள் உயிரோட இருக்கிறாள். இந்தா, இவதான். இவவையும் சேர்த்து எழுதச் சொல்லும்."

நடு நாற்காலியைப் பார்த்துப் பேசுவது எல்லாரும் செய்வதுதான். அதனால் மரியான் ஒன்றையும் கவனிக்காமல் பேனாவோடு காத்திருந்தாள்.

அமுதவள்ளி அந்தப் பேனாவைப் பார்த்தாள். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள், அந்த எறும்புக்காவது இரண்டு பக்கம்தான் நெருப்பு. சொன்னதைச் சொன்னபடி சொன்னால், மரியானும் தெரிந்தே எழுதிக் கொடுத்தால், இவள் வேறொருத்தியின் பெயரில் வெளியே போகலாம், பொய் பிடிபட்டால் தாயும் குழந்தையும் சேர்ந்து மூழ்குவார்கள். சொல்லிவிட்டு இது உண்மையில்லை என்றால் தவமலர் இப்போதே பொய்க்காரி. மாற்றிச் சொன்னால் வேலையின் விதி போச்சு, கதவும் சாத்தியாச்சு. குழந்தையை விட்டால், அந்த அறையில் தமிழ் தெரிந்த மூன்றாவது ஆள் நான் ஒருத்திதான். சொல்லு, சொல்லித் தொலை என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் மரியானைப் பார்த்து, எப்போதும் பேசும் அதே குரலில் இங்கிலீஷில் சொன்னாள்: "எனக்கு ஒரு தங்கை இருந்தாள். அவள் ஞாபகம் வந்துவிட்டது. சேர்க்க வேறு யாரும் இல்லை."

மரியானுக்குக் கண் கலங்கியது. எட்டித் தவமலரின் கையைப் பிடித்துக்கொண்டாள், எதையும் எழுதவில்லை. எழுதாத பேனாவைப் பார்த்ததும் தவமலருக்குப் புரிந்துவிட்டது.

"ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனீர்?" என்றாள் மெதுவாக, அழுதுகொண்டே.

என்ன சொல்கிறார் என்று மரியான் கேட்டாள்.

"நன்றி சொல்கிறார்," என்றாள் அமுதவள்ளி.

மரியான் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு மூடினாள். அழுகிறவளைத் தேற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நிதானமாக, மொழிபெயர்க்க வசதியாக, துண்டு துண்டாக நாலைந்து வாக்கியம் சொன்னாள். அமுதவள்ளி தவமலரின் பக்கம் திரும்பி அதைத் தமிழில் சொன்னாள்.

"அங்க போன கொஞ்ச வருசத்துல நீங்க அந்த நாட்டுக் குடிமகள் ஆயிருவீங்க. உங்க மகளும் ஆயிருவா. அப்புறம் நீங்க எங்க வேணும்னாலும் போகலாம், வரலாம். உங்கள யாரும் நிறுத்த மாட்டாங்க."