சனிக்கிழமை விரிப்பு

என் அப்பா ரெஜ் பிராக்னெல், சவுத்தாம்ப்டனிலிருந்து கேப் டவுனுக்குத் தபால் கொண்டுபோன பயணிகள் கப்பலில் உணவு பரிமாறியவர். அந்தக் கப்பல்கள் நின்றுபோய் அவர் வீட்டோடு இருந்த காலத்திலும், சனிக்கிழமை மட்டும் மேசை விரிப்பில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் தட்டு வைப்பார். அம்மா திட்டுவாள். அவர் சிரிப்பார், காரணம் சொல்லமாட்டார்.

அவரை அடக்கம் செய்த அன்று, அவரோடு வேலை பார்த்த ஸ்டானிடம் கேட்டேன்.

"இது தெரியாதா கண்ணு? வெள்ளிக்கிழமை கெளம்புனா சனிக்கிழமை பிஸ்கே விரிகுடா. கப்பல் ஆடுற ஆட்டத்துல சூப்பு மடியில வந்து உக்காரும். விரிப்பு ஈரமா இருந்தா தட்டு வழுக்காது."

"எங்க வீடு எங்க ஆடுது, மாமா?"

"அத உங்கப்பன்கிட்டல்ல கேக்கணும்!"

நான் பாலம் கட்டும் பொறியாளர். எங்கள் வீட்டுத் தரை ஆடாது என்று எனக்குத் தெரியும். அப்படியானால் அத்தனை சனிக்கிழமைகளும் அவர் எங்களோடு இருந்தாரா, கடலில் இருந்தாரா? எனக்குப் பிடிபடவில்லை. அம்மாவைக் கேட்டேன்.

"என்னை ஏன் கேக்குற? எனக்குத் திட்டத்தான் தெரிஞ்சுது."

அந்தச் சனிக்கிழமை அவளே விரிப்பில் தண்ணீர் தெளித்தாள். என் தட்டை விரலால் தள்ளிப் பார்த்தேன். அது நகரவில்லை.