பாங்குக்குப் போன கிணற்றுத் தண்ணீர்

காவிரிப் பாலத்தில் ஸ்ரீரங்கம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு காலிப் பித்தளைச் செம்பு. என்னுடையது அல்ல... வையம்பட்டி ராமசாமியுடையது. பஸ் ஏறும்போது என் கையிலேயே விட்டுவிட்டார். மறந்தாரா, வேண்டாமென்று விட்டாரா, தெரியவில்லை.

அவருடைய காட்டில் கமலை ஓட்டித் தண்ணீர் இறைப்பது என் வேலை. போன வாரம் கமலை இழுக்கிற மாட்டில் ஒன்று செத்தது. கிணறு நிறையத் தண்ணீர்; மேலே மிளகாய்ச் செடி வாடுகிறது. தண்ணீர் இறைக்க ஓர் ஆயில் என்ஜின் வாங்கிவிட்டால் பயிர் பிழைக்கும்.

"பாங்குல பணம் கொட்டிக் கிடக்காம். கேட்டுப் பாப்போம், வா தம்பி" என்றார் ராமசாமி.

அவர்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு வழக்கம். நிலத்தை நம்பிக் கடன் கொடுப்பவர், முதலில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார். உப்புக் கரிக்காவிட்டால்தான் மேற்கொண்டு பேச்சு. ராமசாமி செம்பில் தண்ணீர் மொண்டு, வாழையிலையால் வாய்கட்டி, திருச்சி வரை மடியிலேயே வைத்திருந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை!

பாங்குக் கிளையை நடத்தும் ஏஜென்ட் மரியாதையானவர். உட்காரச் சொன்னார்.

"குடிச்சுப் பாருங்க சாமி, எளநி மாதிரி இருக்கும்."

"இப்பத்தான் காபி ஆச்சுங்க..." செம்பைத் தள்ளி வைத்தார். "பணத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லீங்க. போடறவங்க போட்டுக்கிட்டே இருக்காங்க. ஆனா விவசாயத்துக்குக் குடுக்கிறதில்லை. மழை பொய்ச்சா என்ன பண்றது?"

"மழைய யாரு கேட்டா? கெணறு இருக்குங்க!"

"டவுன்ல கட்டடம் இருக்கா? நகை?"

"அதெல்லாம் இருந்தா நான் ஏங்க இங்க வரேன்? சரி, அம்புட்டுப் பணத்தையும் என்னதான் பண்ணுவீங்க?"

"கொஞ்சம் சர்க்கார் கடன் பத்திரத்துல போடுவோம். மிச்சம் பெட்டகத்துல இருக்கும்."

இதற்குள் பியூன் செம்பை எடுத்துப் போய், கேஷியர் மேஜைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டார். மிச்சம் வாசலில் இருந்த குரோட்டன்ஸுக்கு. கேஷியர் விரலை நனைத்து நனைத்து நோட்டு எண்ணினார். ராமசாமி பார்த்துக்கொண்டே நின்றார்.

பஸ் ஸ்டாண்டில் என் பக்கம் திரும்பினார். "வேற எடம் பாத்துக்க தம்பி. ஒனக்கு வேலையும் இல்ல, எனக்கு வெள்ளாமையும் இல்ல."

நாட்டில் தொழிலுக்குப் போட முதலே இல்லை என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்களே — யார் சொன்னது? பூட்டுக்குள் மூச்சு முட்டிக் கிடக்கிறது! இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று பாங்குக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இப்படிப் பூட்டிப் பூட்டி வைத்தால் நாடு எங்கே வளரும்? எட்டாவது தாண்டாத எனக்குத் தெரியவில்லை. படித்தவர்களுக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

மறுநாள் காலை ஸ்ரீரங்கத்தில் வேலை கிடைத்தது. கட்டட வேலை. இன்னொரு பாங்குக்குப் புதிதாகப் பெட்டக அறை கட்டுகிறார்கள். பழையதில் பணம் வைக்க இடம் போதவில்லையாம். சிமெண்ட் பூசிய சுவர் வெடிக்காமலிருக்க நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றவேண்டும்.

"ஊத்துப்பா, நல்லா ஊத்து" என்றார் மேஸ்திரி. "காயவே விடக் கூடாது."

வாளி இல்லை. ராமசாமியின் செம்பால்தான் ஊற்றினேன்.