தறிச் சத்தத்தில் தயாரித்த பாடம்

பி.எட். செய்முறைத் தேர்வுக்காகப் பல்லடம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பின் முன் நின்றேன். வியர்வையில் சாக்பீஸ் விரலோடு ஒட்டிக்கொண்டது. இதில் தோற்றால் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த ஓராண்டுக்குள் கல்யாணப் பேச்சு முந்திக்கொள்ளும்.

கடைசி பெஞ்சில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். மதிப்பெண் போட வந்த என் கல்லூரி விரிவுரையாளர். அவருக்குப் பக்கத்தில் அந்த வகுப்பின் ஆங்கில ஆசிரியை. ஆங்கிலத்தை ஆங்கிலத்தில்தான் கற்பிக்க வேண்டும், ஒரு சொல்கூடத் தமிழ் கூடாது என்பது விரிவுரையாளரின் கட்சி. தமிழில் பொருள் சொல்லாமல் பிள்ளைகள் தேறமாட்டார்கள் என்பது ஆசிரியையின் கட்சி.

பாடம் சந்தையைப் பற்றியது. காய்கறிப் படங்களைக் காட்டி ஆங்கிலத்தில் கேள்வி கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டேன். முன்வரிசைப் பிள்ளைகள் பின்னால் சாய்ந்தார்கள். இன்னும் உரக்கக் கேட்டேன்.

“தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லு அம்மணி, புள்ளைங்க முழிக்குதுங்க” என்றார் ஆசிரியை.

“வேண்டாம். பேசலைன்னாலும் காது கேட்டுட்டுதான் இருக்கும்” என்றார் விரிவுரையாளர்.

“பரிட்சையில காதுங்களா மேடம் எழுதப்போவுது?”

அப்போது முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். கண்ணில் நீர் முட்டியிருந்தது. “ஏனுங்க டீச்சர், எதுக்குங்க திட்டறீங்க?”

அப்போதுதான் என் குரல் எனக்கே கேட்டது. எங்கள் வீட்டில் பகலெல்லாம் விசைத்தறி ஓடும். உள்ளே எல்லாப் பேச்சும் கத்தல்தான். தமிழ் பேசும்போது, வெளியே வந்ததும் குரல் தானாகத் தணிந்துவிடும். ஆங்கிலத்தை நான் தறிக்குப் பக்கத்தில் நின்றே பேசிப் பழகியிருந்தேன். எனக்குத் தணிந்த ஆங்கிலமே தெரியாது.

“திட்டலை கண்ணு. பயப்படாத” என்றேன், தமிழில். விரிவுரையாளரின் பேனா ஓடியது. அவளருகே குனிந்து, அதே கேள்வியை ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டேன்.

“டொமேட்டோங்க” என்றாள்.

வகுப்பு சிரித்தது. இன்னும் சில கைகள் உயர்ந்தன.

மணியடித்த பிறகும் தாழ்வாரத்தில் அவர்கள் இருவரும் வாதத்தை விடவில்லை. “தமிழ்ல சொன்னப்புறம்தானுங்களே வாயத் தொறந்துச்சு?” என்றார் ஆசிரியை. “பதில் இங்கிலீஷ்ல வந்துச்சு, அதைப் பாருங்க” என்றார் விரிவுரையாளர்.

“ரெண்டும் இல்லீங்க மேடம். நாந்தான் கத்திட்டேன்” என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். விரிவுரையாளர் பேனாவை மூடினார். “மார்க் இப்பப் போடலை. நாளைக்கு இன்னொரு பாடம் எடு. தமிழ் இல்லாம.”

மதிய இடைவேளையில் அந்தச் சிறுமியைத் தேடிப் போனேன். நாளைய பாடத்தின் முதல் பத்தியை மெதுவாகப் படித்துக் காட்டி, “இப்பத் திட்டற மாதிரி இருக்குதா?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். “கொஞ்சமாத்தானுங்க டீச்சர்.”

மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.