ஜீப்புக்கு மஞ்சள் படுதா

எங்கள் தெருவில் நான் பொறாமைப்படுவது ஒருத்தியைப் பார்த்துத்தான். அவள் ஒருத்தியே எனக்குப் போதும். நாலு வீடு தள்ளி வாடகைக்கு இருக்கிறாள். ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிற வேலை. காலையில் நான் பூக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது தூக்குவாளியும் கையுமாக வெடுக்வெடுக்கென்று போவாள். சாயங்காலம் திரும்பும்போது அவள் கடந்துபோன இடமெல்லாம் ஏலக்காய் மணக்கும். அந்த மணம்கூட எனக்கு எரிச்சல்தான். போடியில் இருந்துகொண்டு ஏலக்காய் மணத்தின்மேல் எரிச்சல்பட்டால் எங்கே போய் மூச்சு விடுவது?

அவள் மகளும் என் மகளும் மூன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நான் வேலைக்குப் போகிறவள் இல்லை. டிகிரி முடித்த கையோடு கல்யாணம், கல்யாணம் முடித்த கையோடு பிள்ளை. வீட்டுக்காரருக்கு ஜீப்பு பழுது பார்க்கிற பட்டறை. சோறாக்கி, துவைத்து, மடித்து வைத்த பிறகும் என் கை ஓயாது. வயர்க்கூடை பின்னுவேன். நெல்லிக்காய் முடிச்சு, சிவன்கண் முடிச்சு எல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. பழைய சேலையில் மிதியடி தைப்பேன், மகளுக்குக் கவுன் தைப்பேன். எங்கள் வீட்டு மிக்சிக்கும் கிரைண்டருக்கும்கூட நான் தைத்த உறை உண்டு. இத்தனை செய்தும் கல்யாண வீட்டில் பார்க்கிற சொந்தக்காரர்கள், "சும்மா வீட்லதான இருக்க?" என்றுதான் கேட்பார்கள். சும்மாவாம்! ஒரு நாள் வந்து இருந்து பார்க்கட்டும்.

அந்தச் சும்மாவுக்கு நான் பதில் சொல்கிற ஒரே இடம் மகளின் பள்ளிக்கூடம். மாதாமாதம் கிராஃப்ட் என்று ஏதாவது செய்துகொண்டு வரச் சொல்வார்கள். பிள்ளைகள் செய்ய வேண்டியது என்று பேர். எந்த வீட்டில் பிள்ளை செய்கிறது? எல்லாம் அம்மாக்கள் கைவண்ணம்தான். டீச்சர் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். போன வருஷம் முழுக்க என்னுடையதை மிஞ்ச ஆளில்லை.

இந்த வருஷம்தான் அவள் எங்கள் தெருவுக்குக் குடிவந்தாள். முதல் மாதமே அவள் மகள் ஓர் ஆந்தை கொண்டுவந்தாள். ஏலக்காய்த் தோலை வரிசையாக ஒட்டி இறகு. சட்டைப் பித்தானில் கண், அதிலும் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. பார்க்கிறவர்களை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குழுவில் அத்தனை பேரும் அந்த ஆந்தையைக் கொஞ்சினார்கள். என் ஜிகினா மயிலை ஒருத்தரும் சீந்தவில்லை. அடுத்த மாதம் ஆமை, அதற்கடுத்த மாதம் வாய் திறந்து மூடுகிற முதலை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நாள் முழுக்கக் காய் பொறுக்கிவிட்டு வந்து, உலை வைத்து, பாத்திரம் கழுவி, இதையும் செய்ய அவளுக்கு நேரம் எப்படிக் கிடைக்கிறது? பகலெல்லாம் வீட்டில் இருக்கிற எனக்கு ஏன் ஒரு முதலை தோன்றவில்லை? வீட்டுக்காரரிடம் புலம்பினால், "ஒன்னையும் மூணாப்புல சேத்துவிடவா?" என்று சிரித்தார். அன்றைக்கு அவருக்கு வெறும் ரசம்தான்.

இதில் என் மகள் வேறு. அந்த ஏலக்காய்க்காரி வேலை விட்டு வருகிற நேரம் பார்த்து, விளையாடப் போகிறேன் என்று அந்த வீட்டுக்கே ஓடுவாள். விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் வருவாள். சாப்பிட உட்காரும்போது பார்த்தால் விரலெல்லாம் ஏலக்காய் மணம். நான் பெற்றதையும் வளைத்துப் போடுகிறாளே என்று அதற்கும் சேர்த்து அவளைத் திட்டிக்கொண்டேன், மனசுக்குள்தான்.

தை மாதம் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். 'எங்கள் ஊர்' என்பது தலைப்பு. இந்தத் தடவை விடுவதில்லை என்று நானும் இறங்கினேன். மதுரைக்குப் போகிற ரயிலைச் செய்தேன். தெர்மாகோலில் பெட்டிகள், பாட்டில் மூடியில் சக்கரம், ஜன்னலுக்குக் கண்ணாடித் தாள். மகள் பக்கத்தில் வந்து நின்று, ஒரே ஒரு ஜன்னல் வெட்டட்டுமா என்று கேட்டாள்.

"கோணலாப் போயிரும், ஆத்தா. நீ வெரசாப் போயி வெளையாடு" என்றேன்.

அவள் நாலு வீடு தள்ளி ஓடிவிட்டாள். நான் ஸ்கேல் வைத்து அத்தனை ஜன்னலையும் வெட்டி முடித்தேன்.

கண்காட்சியில் அவள் மகளின் மேஜைமேல் போடிமெட்டு மலை நின்றது. அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கசக்கி மலையாக்கி, மேலே ஏலக்காய்த் தோல் ஒட்டியிருந்தது. மணல் தூவிய சாலை வளைந்து வளைந்து ஏறியது. ஒரு கொண்டை ஊசி வளைவில் தீப்பெட்டி ஜீப்பு, அதற்கு மேல்மூடியாக மஞ்சள் துணியில் படுதா. உள்ளே தீக்குச்சி ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, ஒருத்தி மட்டும் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த மலையில் ஜீப்பேறிய யாருக்கும் தெரிந்த கூத்து அது. பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதல் பரிசு மலைக்குத்தான். என் ரயிலுக்கு ஆறுதல் பரிசாக ஒரு பென்சில். அவள் மகளை மேடைக்குக் கூப்பிட்டதும் என் மகள் எழுந்து குதித்துக் குதித்துக் கைதட்டினாள். கூட்டத்திலேயே அவள் தட்டியதுதான் பெரிய சத்தம். முழங்கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

"அவ பிரைசு வாங்குனா நீ எதுக்குடி குதிக்கிற?"

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் அந்த மலையில் ஏதாவது குறை இருக்காதா என்று கிட்டே போய்ப் பார்த்தேன். குறை தென்படவில்லை, படுதாதான் தென்பட்டது. மஞ்சளில் சிவப்புப் புள்ளி. நான் மகளுக்குக் கவுன் தைத்து, மிச்சத்தை மெஷின் டிராயரில் வைத்திருந்த துணி. என் துணி! திருட்டுத் துணியில் பரிசு வாங்குகிறார்களா? அன்றைக்கு என்னை மாதிரிச் சந்தோஷமானவள் ஊரில் இருந்திருக்க மாட்டாள். சாயங்காலம் அவள் வருகிற வரைக்கும் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் அப்போதுதான் வந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் தரையில் உட்கார்ந்திருந்தன. நான் வாசல்படியிலேயே நின்று, எங்கள் வீட்டுத் துணி உங்கள் ஜீப்புக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். அவள் பதறவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"ஒங்க மக கொண்டாந்ததுதான் அக்கா. நீங்க குடுத்துவிட்டதுன்னுல்ல நெனச்சேன்."

"எம்மக எதுக்குக் கொண்டு வரணும்?"

"மல செஞ்சதே அவதான. ஆந்தை, ஆமை, மொதலை பூராவும் அவ கைதான். எம்மக ஒட்டுறதோட சரி. எனக்கு வந்ததும் அடுப்புச் சோலி, நான் அந்தப் பக்கம் திரும்புறதுகூட இல்ல. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல இருந்தேன்."

சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தாள். கடையில் கூட்டி அள்ளுகிற ஏலக்காய்த் தோல் பாதி. மீதி எல்லாம் என் சாமான்கள். நான் தேடித் தேடிச் சலித்த பித்தான்கள், வயர்த் துண்டுகள், கம்பளி நூல். என் மகள் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அடி விழாது என்று தெரிந்ததும் மெதுவாகச் சொன்னாள், ஜீப்பில் வாந்தி எடுக்கிறவள் அவளுடைய அம்மாவாம், நான்தானாம். போன பங்குனியில் மலையில் இருக்கிற அத்தை வீட்டுக்குப் போனபோது என்னைப் பார்த்ததாம்.

நான் பிடித்து இழுத்த அந்த முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை தன் பரிசுக்குத்தான் கைதட்டியிருக்கிறது. டீச்சரிடம் சொல்லிப் பேரை மாற்றிவிடலாமா அக்கா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் பறவைக்கூடு செய்துவரச் சொன்னார்கள். நான் எதையும் தொடவில்லை. மெஷின் டிராயரை அப்படியே உருவி மகள் முன்னால் வைத்தேன். கத்தரிக்கோல், துணி, நூல், பசை, எல்லாம் உனக்குத்தான் என்றேன். வேண்டியதை மடியில் அள்ளிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"இங்கயே செய்யேன், ஆத்தா. நான்தான் ஒண்ணும் சொல்லலையே."

நின்று, யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"சொல்ல மாட்டம்மா. ஆனா பாத்துக்கிட்டே இருப்ப."

போய்விட்டாள். நாலு வீடு தள்ளி, அப்போதுதான் வேலை விட்டு வந்த அந்த ஏலக்காய்க்காரி பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி அடுப்பைப் பார்த்து நின்றிருப்பாள். இப்போதும் எனக்கு அவள்மேல் பொறாமைதான், முன்னைவிட ஜாஸ்தி.