கிராம்பு போடாத தேன்

கே.ஜி.கண்டிகை ஹெப்சிக்குக் கை நடுங்காது. கிடாவின் விந்தை கோழிமுட்டை மஞ்சள் கருவில் கலந்து, பேனா ரீஃபிளைவிட மெல்லிய குழாய்களில் அடைத்து, புகை கக்கும் திரவ நைட்ரஜனில் இறக்குவதில் அந்த ஆட்டு ஆராய்ச்சிக் கூடத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. பதினோரு வருஷமாக அதுதான் வேலை. அவள் அம்மா ஞானம்மாளோ சர்ச்சில் கேட்பவர்களிடமெல்லாம், "பால் டெஸ்ட் பண்ற ஆபீசு" என்று சொல்லி வைத்திருந்தாள். விந்து என்று வாயால் சொல்ல அந்தம்மாவுக்கு அத்தனை கூச்சம். மகளும் திருத்தவில்லை.

உறையும்போது உயிரணுவைப் பனித்துகள் குத்திக் கிழித்துவிடும். அதைத் தடுக்க இயற்கைப் பொருள் ஏதாவது உதவுமா என்று அங்கே ஆராய்ச்சி செய்யும் கால்நடை டாக்டர் தீனதயாளன் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தார். இளநீர் சுமார். சோற்றுக்கற்றாழை தேறவில்லை.

"தேன் போட்டுப் பாக்கலாம் சார். எங்க வூட்டு ஃப்ரீசர்ல எல்லாம் கல்லாயிடுது, தேன் மட்டும் ஆவல" என்றாள் ஹெப்சி. ப்ளஸ் டூ படித்தவள் சொன்னதை அவர் காது கொடுத்துக் கேட்டார். அதுவே பெரிய விஷயம்.

"டாக்டர் நல்ல தேன் கேக்குறாரும்மா" என்று அம்மாவிடம் வாங்கிய கொம்புத்தேன் பாட்டிலை, ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் பஸ்ஸில் நசுங்கியபடி நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோனாள். தேன் கலந்து உறையவைத்த குழாயை மறுநாள் வெதுவெதுப்பான நீரில் உருக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஓர் உயிரணுகூட அசையவில்லை. அத்தனையும் பிணம்.

"தேன விட்டுடலாம்மா" என்று பட்டியலில் அடிக்கப் பேனா எடுத்தார் டாக்டர்.

"இன்னும் ஒரே ஒரு வாட்டி சார்."

"வெள்ளிக்கிழம வரைக்கும்தான்."

பாட்டிலைக் கழுவக் கவிழ்த்தபோது அடியில் நாலு கிராம்பு கிடந்தது. வீட்டுக்குப் போய் அம்மா முன்னால் வைத்தாள். "இத யாரும்மா போட்டது?"

"நாந்தான். டாக்டருக்கு இருமலோன்னு நெனைச்சிகினு போட்டேன். தொண்டைக்கு நல்லதாச்சே!"

ஹெப்சிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் தன்மேல்தான். இத்தனை வருஷம் மூடி மறைத்ததன் பலன் இது. "கெடா விந்துல கலக்கத்தாம்மா கேட்டேன். கிராம்புக் காரத்துல எல்லாம் செத்துப்போச்சு. அதுதான் என் வேல. அதுல எனக்கு வெக்கமில்ல."

ஞானம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளே போய், கிராம்பு போடாத பாட்டிலை எடுத்துவந்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்த ஹெப்சி, "சார்!" என்று கத்தியே விட்டாள். உயிரணுக்கள் கூட்டம் கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. இளநீரில் நாற்பதைத் தாண்டியதில்லை. டாக்டர் மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டு, பட்டியலில் தேனுக்கு நேரே டிக் போட்டார்.

அந்த விந்தில் முதல் சினை ஊசி போட, "என் ஆட்டுக்கே போடு" என்று ஞானம்மாளே கயிற்றைப் பிடித்து இழுத்து வந்தாள். ஐந்து மாதத்தில் இரட்டைக் குட்டி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பார்க்க வந்தவர்கள், "கெடா எங்க புடிச்சீங்க?" என்று கேட்டார்கள்.

"கெடா ஏதுங்க? எம் பொண்ணு விந்துல தேன் ஊத்தி, ஐஸுல வச்சி, உசுரோட எடுத்தா. பால் இல்லீங்க, விந்து!" தெருவுக்கே கேட்டது.

ஹெப்சிக்குக் காது சிவந்தது. ஆனால் தலை குனியவில்லை. பாஸ்டர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.