கண்டறியாத சான்விச்

எனக்குப் பெற்றிசியாவைப் பிடிக்காது. இதில ஒளிக்க ஒண்டுமில்லை, எங்கட ஊர் தோட்டவெளி முழுக்கத் தெரிஞ்ச விஷயம். அவள் என்ர தம்பி சந்தியோகுவின்ர மனுசி. கெட்டவள் எண்டு அவளை ஒருத்தரும் சொல்லமாட்டினம், நானும் சொல்லமாட்டன். கெட்டவளா இருந்திருந்தா எனக்கு எவ்வளவு சுகம்! சண்டை பிடிச்சு, கதையாமல் விட்டு, நான் என்ர பாட்டில இருந்திருப்பன். இவள் எதைச் சொன்னாலும் "ஓம் மச்சாள்" எண்டு சிரிப்பாள். சிரிக்கிற ஆளோட என்னெண்டு சண்டை பிடிக்கிறது?

அவைக்கு வீடு பட்டணத்தில, மன்னார் ரவுணில. அவளின்ர தகப்பன் ஒரு காலத்தில வெள்ளைக்காரத் துரைமாருக்குச் சமைச்ச மனுசன். அந்தாளிட்டத்தான் அவள் அந்தச் சான்விச்சைப் பழகினது. ரெண்டு பாண் துண்டுக்கு நடுவில எதையாவது பூசித் தாறதெண்டு நினையாதேங்கோ. முழு அச்சுப் பாணை நீட்டுக்கு மூண்டாப் பிளப்பாள். மிளகும் வினாகிரியும் போட்டு அவிச்ச மாட்டிறைச்சியைத் தும்பு தும்பாப் பிச்சுத் தாச்சியில பிரட்டி ஒரு அடுக்கு. அவிச்ச முட்டையும் பொரிச்ச வெங்காயமும் இன்னொரு அடுக்கு. பிறகு வாழையிலையில சுத்தி, மேல அம்மிக் குழவியை வைச்சு ஒரு மணித்தியாலம் அமத்தி விடுவாள். கடைசியா மாஜரீன் பூசித் தாச்சியில ரெண்டு பக்கமும் முறுக வாட்டி, மொத்த மொத்தத் துண்டா வெட்டி வைப்பாள். ஒரு துண்டு திண்டா வயிறு நிரம்பும். ஆனா ஒரு துண்டோட எழும்பின ஆளை நான் கண்டதில்லை.

என்ர மனுசன் யாகப்பர் உப்பளத்தில வேலை. பதினைஞ்சு வருஷமா என்ர கையால மீன் குழம்பு திண்டவர், ஒருநாள் வாய் திறந்து நல்லாயிருக்கு எண்டு சொன்னதில்லை. அங்க போனா மட்டும், "தங்கச்சி, இன்னொரு துண்டு வையும்!" எனக்குப் பத்திக்கொண்டு வரும். சரி, மனுசன் எக்கேடும் கெட்டுப் போகட்டும். என்ர கவலை கிறேஸ்.

கிறேஸ் என்ர மகள். ஒரே ஒரு பிள்ளை. அப்ப அவளுக்குப் பன்னிரண்டு வயசு. அவளின்ர வாயில விடிஞ்சா பொழுதுபட்டா மாமி, மாமி, மாமி. மாமி பாணின்ர ஓரத்தை வெட்டிப்போட்டுத் தருவா. மாமி வீட்டில ஜன்னலுக்குச் சரிகைத் துணி போட்டிருக்கு. மாமி சீப்பால தலை இழுத்தா நோகாது. ஏனடி, நான் என்ன உன்ர தலையைப் பிடுங்கியா எடுத்தனான்? பெற்றிசியாவுக்குப் பிள்ளை இல்லை. அது பாவம்தான், இல்லையெண்டு சொல்லேல்ல. அதுக்காக என்ர பிள்ளையின்ர தலையை அவள் தடவிக்கொண்டு நிக்கேக்க என்ர வயிறு எரியாமல் இருக்குமோ?

அந்த நேரத்திலதான் கிறேசுக்கு ரவுணில சிஸ்டர்மாரின்ர பள்ளிக்கூடத்தில இடம் கிடைச்சது. தோட்டவெளியில இருந்து பஸ்ஸை நம்பிப் போனா பாதி நாள் மணி அடிச்ச பிறகுதான் போய்ச் சேருவாள். சந்தியோகு வந்து, "மதலேனாக்கா, பிள்ளை எங்களோட நிண்டு படிக்கட்டும். லீவுக்கு இஞ்ச வந்து போகலாம்" எண்டான். அவன் சொல்லேக்க பெற்றிசியா பின்னால நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாள். எனக்குத் தெரியாதோ, ஆர் சொல்லிக் குடுத்து இவன் கதைக்கிறான் எண்டு!

நான் வாயைத் திறக்கமுதல் என்ர மனுசன் சொல்லிப்போட்டார். "அடுத்த போயாவுக்கு ரெண்டு பேரும் இஞ்ச சாப்பிட வாங்கோ. பிள்ளையையே கேப்பம். அவள் என்ன சொல்லுறாளோ அதுதான்."

கேட்டா அவள் எங்க போவாள் எண்டு எனக்குத் தெரியும்.

அந்த நாளையில போயா எண்டா என்னெண்டு சொல்லவேணும். அறுபத்தாறாம் ஆண்டு அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமை லீவை எடுத்துப்போட்டுது. பிறையைப் பாத்து, மாசத்தில நாலு போயாவுக்கு லீவு விட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியப்பூசை கண்டுபோட்டு இவர் உப்பளத்துக்கு ஓடுவார், பிள்ளை பள்ளிக்கூடம் ஓடும். முந்தி ஞாயிறு மத்தியானம் எல்லாரும் ஒண்டா இருந்து இறைச்சி சாப்பிட்ட வழக்கம் அப்பிடியே போயாவுக்கு மாறிப்போச்சு. போயா எண்டா எங்கட மனசில ஞாயிறு மாதிரி. ஆனா அது ஏழு நாளுக்கொருக்கா வரும், சிலவேளை எட்டு நாள் எடுக்கும். எந்தக் கிழமை எண்டு பிடிக்க ஏலாது. கிறேசின்ர ரீச்சர்கூட கொப்பியில கிழமையைப் போடாமல் முதலாம் நாள், இரண்டாம் நாள் எண்டுதான் எழுதுவிப்பா. ஆக மொத்தம் எங்கட வீட்டில ஒருத்தருக்கும் கிழமை சரியாத் தெரியாது.

நான் ஒரு முடிவு எடுத்தன். அந்தப் போயாவுக்கு அவளின்ர சான்விச்சை நான் செய்வன். அவளின்ரயைவிடத் திறமாச் செய்வன். கிறேஸ் திண்டுபோட்டு, "அம்மா, எனக்கு ஒரு இடமும் போகவேண்டாம்" எண்டு சொல்லவேணும். சிரிக்காதேங்கோ. எனக்கு அப்ப வேற வழி ஒண்டும் தெரியேல்ல.

களவா ஒருநாள் செய்து பாத்தன். நாசம்! பாண் களியாப் போச்சு. நாய்க்குப் போட்டன். மானத்தை விட்டு அவளிட்டயே கேட்டன், பேச்சுவாக்கில கேக்கிறமாதிரி. அவள் ஒளிக்காமல் சொன்னாள். "அண்டைக்குப் போட்ட பாண் எடுக்கக்கூடாது மச்சாள். முதல்நாள் பாண் வேணும். இறைச்சித் தண்ணி சொட்டும் இருக்கக்கூடாது." ஒளிச்சிருந்தாலாவது எனக்குத் திட்ட ஒரு சாட்டுக் கிடைச்சிருக்கும். அதையும் தரேல்ல.

போயாவில இறைச்சிக்கடை பூட்டு. அதால முதல்நாளே, ஊரே அண்ணன் முறையில காக்கா எண்டு கூப்பிடுற சனூன்ர கடைக்குப் போனன். ரெண்டு றாத்தல், கொழுப்பில்லாமல், தொடையில வெட்டித் தரச் சொன்னன். "என்ன தங்கச்சி, வீட்டில விசேஷமோ?" எண்டு கேட்டார். "ஓம் காக்கா, என்ர பிள்ளைக்கு விருந்து" எண்டு தலையை நிமித்திச் சொல்லிப்போட்டு வந்தன்.

இறைச்சியை இஞ்சி, உள்ளி, மிளகு, கறுவா, வினாகிரி போட்டு நாரா உரியுமட்டும் அவிச்சன். அவள் செய்யாத ஒண்டு நான் செய்தன். வெங்காயத்தைச் சும்மா பொரிக்காமல், செத்தல் மிளகாயும் பழப்புளியும் போட்டுச் சம்பலா வதக்கினன். அந்த வாசம் ஒழுங்கை முழுக்கப் போச்சு. விடிய எழும்பி முட்டை அவிச்சு, பாணைப் பிளந்து, அடுக்கி, குழவியை ஏத்தி வைச்சுப்போட்டுத்தான் முகம் கழுவினன்.

பதினொரு மணிபோல வந்து சேந்தினம். சந்தியோகு லொறி ஓடுறவன். கொழும்பில இருந்து விடியத்தான் வந்திறங்கினவன், கதிரையில இருந்தபடியே நித்திரை தூங்கினான். பெற்றிசியா நேரா குசினிக்கு வந்தாள். தாச்சியில சான்விச் முறுகிக்கொண்டு கிடக்குது. அதைப் பாத்தாள். அவளின்ர முகம் ஒரு மாதிரிப் போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சக்கரை கரைஞ்சது. பாரடி, நல்லாப் பார்!

"மச்சாள், ஒருக்கா இஞ்சால வாங்கோவன். ஒரு கதை" எண்டாள் மெதுவா.

"ஒரு கதையும் வேண்டாம். இண்டைக்கு என்ர குசினி. நீர் போய்க் கதிரையில இரும்."

"இல்லை மச்சாள், இந்த இறைச்சி..."

"இறைச்சிக்கு என்ன? எனக்கு வைக்கத் தெரியாதோ? போமெண்டா போம்!"

கிறேஸ் தண்ணிச் செம்போட வாசலில நிண்டு பாத்துக்கொண்டிருந்தாள். பெற்றிசியா வெளியில போயிட்டாள்.

மேசையில கொண்டுபோய் வைச்சன். இவர் அவசர அவசரமாச் செபத்தைச் சொல்லிச் சிலுவை போட்டார். போட்ட கையாலயே ஒரு துண்டை எடுத்தார். கிறேஸ் கடிச்சாள். மென்றாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"அம்மா! மாமியின்ரயைவிட நல்லாயிருக்கம்மா!"

கடவுளே, அந்தச் சொல்லைக் கேக்க நான் எத்தினை நாள் கிடந்தனான்! எனக்குத் தலைகால் தெரியேல்ல. இவரும் தலையாட்டிக்கொண்டு ரெண்டாவதுக்குக் கை நீட்டினார். தம்பிக்கு நித்திரை முறிஞ்சுபோச்சு. கிறேஸ் ரெண்டாந் துண்டையும் முடிச்சாள்.

பெற்றிசியாவின்ர கோப்பையில மட்டும் சான்விச் வைச்சது வைச்சபடி.

"ஏன் மச்சாள் தொடேல்ல?" எண்டு கேட்டன்.

"வயிறு சரியில்லை மச்சாள். நீங்கள் சாப்பிடுங்கோ."

அதோட விட்டிருக்கலாம். என்ர வாய் விடுமோ? வெண்டுபோட்டன் எண்ட கொழுப்பு. "வயிறு சரியில்லையோ, பொறுக்கேல்லையோ? உம்மட சமையலைத்தான் எல்லாரும் தலையில வைச்சு ஆடவேணும், என்ன? இவ்வளவு காலமும் பாணைக் காட்டி என்ர பிள்ளையை மயக்கினீர். பெத்த எனக்கும் சமைக்கத் தெரியும். பிள்ளை இல்லாத குறைக்கு என்ர பிள்ளையை இழுக்கப் பாக்காதையும்!"

சொல்லிப்போட்டன். இவர் "மதலேனா!" எண்டு அதட்டினார். பெற்றிசியா தலையைக் குனிஞ்சாள்.

அப்ப படலையடியில சைக்கிள் மணி கேட்டுது. சனூன் காக்கா. தோய்ச்சு மடிச்ச வெள்ளைச் சேட், தலையில தொப்பி, அத்தர் வாசம். "என்ன தங்கச்சி, நேத்தைய விருந்து எப்பிடி? இறைச்சி நல்லா அவிஞ்சுதோ?" எண்டு கேட்டார்.

"நேத்து இல்லை காக்கா, இண்டைக்குத்தான். இப்பத்தான் சாப்பிடுறம்" எண்டன்.

அவர் காலை நிலத்தில ஊண்டி என்னைப் பாத்தார். "இண்டைக்கோ? இண்டைக்கு வெள்ளியெல்லோ பிள்ளை. நான் ஜும்மாவுக்குப் போறன். வெள்ளிக்கிழமை நீங்கள் இறைச்சி தொடமாட்டீங்களே. நேத்து ராவே முடிச்சிருப்பீங்கள் எண்டு நினைச்சன்."

ஐயோ மாதாவே! எனக்குப் போன போயா வியாழன் எண்டு நினைவு. இதுவும் வியாழன் எண்டே இருந்திட்டன். எட்டு நாள் எடுத்திருக்குது. சுத்தபோசன நாளில, செபமும் சொல்லி, முழுக் குடும்பத்துக்கும் என்ர கையால மாட்டிறைச்சி குடுத்திருக்கிறன். இவர் வாயில இருந்ததை முற்றத்தில துப்பினார். கிறேஸ் அழத் தொடங்கினாள். "நான் ரெண்டு துண்டு திண்டிட்டன்..."

பெற்றிசியாதான் எழும்பிப் போய் அவளை அணைச்சாள். "தெரியாமல் திண்டது பாவமில்லை பிள்ளை. சுவாமியாரைக் கேட்டுப்பார், அவரும் இதைத்தான் சொல்லுவார்." பிறகு என்னைப் பாத்து, சிரிக்காமல், கோபமும் இல்லாமல் சொன்னாள். "மிச்சத்தை மூடி வைப்பம் மச்சாள். வினாகிரி போட்டதெல்லோ, கெடாது. நாளைக்குச் சாப்பிடலாம்."

அவள் எனக்கு அறைஞ்சிருந்தா நான் தாங்கியிருப்பன்.

கிறேஸ் கண்ணைத் துடைச்சாள். "மாமி உங்களிட்டச் சொல்லத்தான் குசினிக்கு வந்தவ. நான் கண்டனான். நீங்கள்தான் துரத்தினீங்கள்" எண்டாள். பிறகு தகப்பன்ர பக்கம் திரும்பினாள். போறியோ எண்டு அவர் இன்னும் கேக்கவே இல்லை.

"அப்பா, நான் மாமி வீட்டில நிண்டு படிக்கிறன்."

என்ர சான்விச்தான் திறம் எண்டு சொன்ன அதே வாய்.

நான் மறிக்கேல்ல. மறிக்க எனக்கு என்ன முகம் இருந்தது? சட்டைகளை மடிச்சுப் பெட்டியில நான்தான் அடுக்கினன். பஸ்ஸில அவள் ஜன்னல் பக்கம் இருந்து கை காட்டினாள். நல்ல சந்தோஷமாத்தான் காட்டினாள். எனக்கு அதுவும் பொறுக்கேல்ல.

பெற்றிசியாவிட்ட நான் மன்னிப்புக் கேட்டனானோ எண்டு கேக்கிறீங்களோ? சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்தில சொன்னனான். அவளிட்டச் சொல்லேல்ல. அவள் எதிர்பாக்கவும் இல்லை. பாருங்கோ, அதிலயும் அவள்தான் மேல.

அதுக்கடுத்த போயாவுக்குக் கிறேஸ் வந்தாள். ரெண்டு பின்னல், நேர் வகிடு, வடிவா இழுத்திருந்தது. நான் குசினியில முதுகைக் காட்டிக்கொண்டு மீன் வெட்டிக்கொண்டிருந்தன். வெயிலால ஓடி வந்தவள் வாசலில நிண்டு, "மாமி, குடிக்கத் தண்ணி தாங்கோ" எண்டாள்.

சொன்னது அவளுக்கே தெரியேல்ல. நான் கையைக் கழுவிப்போட்டுத் தண்ணி வாத்துக் குடுத்தன்.